பதினோராவது விநாடி

2021 பிப்ரவரியில் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பொறியாளர்களை ஒரு பூ படாதபாடு படுத்தியது. அவர்களுடைய பொதுவகத்தில் இருக்கும் கோடிக்கணக்கான படங்களில் ஒன்று அது. ஊதா நிற ஆஸ்டர் பூ. இந்தியாவின் பல இணைய நிறுவனங்கள் வழியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 கோடி தடவை அந்தப் படத்தை யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். நமக்குப் படம் அனுப்பும் சிங்கப்பூர் தரவு மையத்துக்கு வந்த படக் கோரிக்கைகளில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒற்றைப் பூவுக்குத்தான். துருவிப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்ட பிறகு இங்கே சூடுபிடித்த ஒரு கைப்பேசிச் செயலி, திறக்கும்போதெல்லாம் இந்தப் படத்தை இறக்கிக்கொண்டிருந்தது. இறக்கியதைத் திரையில் காட்டவும் இல்லை. எழுதியவர் ஏதோ சோதனைக்காக வைத்துவிட்டு எடுக்க மறந்திருப்பார் என்பது என் ஊகம்.

விக்கிமீடியா பெரிய வீடு, தாங்கிக்கொண்டது. 2023 ஜூனில் இதேபோன்ற அடி ஜிஎம்பி என்ற திறமூல நிரல் தொகுப்பின் சர்வருக்கு விழுந்தது. மிகப் பெரிய எண்களைக் கூட்டிப் பெருக்கும் அடிப்படைக் கருவி அது. சி மொழியின் ஜிசிசி கம்பைலரே அதை நம்பித்தான் இருக்கிறது. மைக்ரோசாப்டுக்குச் சொந்தமான நூற்றுக்கணக்கான முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் வெள்ளம்போல் கோரிக்கைகள் வந்தபோது, தாக்குதல் என்றே ஜிஎம்பிக்காரர்கள் நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால் மைக்ரோசாப்டின் நிரல் களஞ்சியத் தளமான கிட்ஹப்பில் ஒருவர் எழுதிய தானியங்கி ஸ்கிரிப்ட். அதை நகலெடுத்து வைத்திருந்த நூற்றுக்கணக்கானவர்களின் கணக்குகளிலும் அது ஒரே நேரத்தில் விழித்தெழுந்து, ஜிஎம்பியின் முழுக் களஞ்சியத்தையும் புதிதாக இறக்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சர்வர் மட்டும் திணறியது.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நான் சிவகாசியில் டிடிபி வேலை பார்ப்பவள். காலண்டர், டைரி அட்டை, பட்டாசுப் பெட்டி லேபிள், முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை. எங்கள் கடையில் பாதி கம்ப்யூட்டர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. வரைவதற்கும் பக்கம் கட்டுவதற்கும் திறமூல மென்பொருள்கள். ஆரம்பத்தில் இதற்குக் காரணம் கொள்கை இல்லை, லைசென்ஸ் காசு. பழகப் பழகக் கொள்கையும் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த மென்பொருள்களுக்கு விளம்பரம் கிடையாது, ஏரியா ஏஜென்ட் கிடையாது, போன் எடுத்துப் பதில் சொல்ல ஆள் கிடையாது. அவற்றின் இணையதளம்தான் கடை, கோடவுன், புகார்ப் பெட்டி, பள்ளிக்கூடம் எல்லாமே. இறக்குவதும் அங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்று படிப்பதும் அங்கே, தவறு கண்டால் சொல்வதும் அங்கே. அந்தத் தளம் மெதுவானால் மென்பொருளே மெதுவானதுபோல. ஒன்றிரண்டு ஆண்டுகளாக அப்படிப்பட்ட தளங்கள் பல திணறிக்கொண்டிருக்கின்றன. காரணம் பூவும் இல்லை, மறந்துபோன ஸ்கிரிப்டும் இல்லை. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தீனி சேகரிக்கும் பாட்கள்.

பக்கங்களைத் தானாகப் படித்துப் போகும் நிரல்கள் புதிதல்ல. தேடுபொறிகள் தோன்றிய நாளிலிருந்து உண்டு. 1994-இலேயே இதற்கு ஓர் எழுதாத ஒப்பந்தம் வந்துவிட்டது: தளத்தின் வாசலில் ரோபோட்ஸ் டெக்ஸ்ட் என்று ஒரு சிறு கோப்பை வைத்து, ‘இந்தப் பக்கங்களுக்கு வராதே’ என்று எழுதிவிட்டால் பாட்கள் அதை மதிக்க வேண்டும். முறைப்படி இணையத் தர ஆவணமாக அது பதிவானதே 2022-இல்தான். அதுவரை வெறும் மரியாதையில் ஓடிய ஏற்பாடு. இப்போது மரியாதை போய்விட்டது. இன்ன நிறுவனத்தின் பாட் என்று பெயர் சொல்லிக்கொண்டு வருபவற்றைத் தடுப்பது சுலபம். பெயரை மறைத்து, சாதாரண குரோம் பிரவுசர்போல வேஷம் கட்டி, வீட்டு இணைப்புகளை வாடகைக்கு எடுத்து ஆயிரமாயிரம் முகவரிகளிலிருந்து ஆளுக்கு ஒன்றிரண்டு பக்கம் என்று பிரித்துக் கேட்பவற்றை எப்படித் தடுப்பது? அடுத்த தெருவில் யாரோ இலவச விபிஎன் செயலி ஒன்றைப் போட்டிருப்பார். அவருடைய இணைப்பு வழியாகவே பாட் போய்க்கொண்டிருக்கும், அவருக்குத் தெரியவே தெரியாது.

சரி, பாட் படித்தால் படித்துவிட்டுப் போகட்டுமே, சர்வர் ஏன் திணற வேண்டும்? எங்கள் தொழிலை வைத்துச் சொன்னால் விளங்கும். முருகன் படம் போட்ட காலண்டர் ஆயிரக்கணக்கில் அடித்து அடுக்கியிருப்போம். கேட்டவுடன் எடுத்து நீட்டலாம். ஒருவர் வந்து, ‘1997 மார்ச் தாள் மட்டும் ஒரே ஒரு பிரதி வேண்டும்’ என்றால் அதற்கென்று பிளேட் போட வேண்டும், மை ஏற்ற வேண்டும், நிறம் பிடிக்கும்வரை தாளை வீணடிக்க வேண்டும். கொடுத்து முடிப்பதற்குள் அதே ஆள் ஏப்ரல் தாள், மே தாள் என்று அடுக்கினால் மிஷின் வேறு எந்த வேலைக்கும் ஓடாது.

மனிதர்கள் பெரும்பாலும் எல்லோரும் பார்ப்பதையே பார்ப்பார்கள். அந்தப் பக்கங்களை சர்வர்கள் தயாராக எடுத்து வைத்திருக்கும். இதைக் கேஷ் என்பார்கள். பாட் அப்படி இல்லை. யாருமே திறக்காத பழைய பக்கங்களையும் ஒன்றுவிடாமல் வரிசையாகக் கேட்கும். 2025 ஏப்ரலில் விக்கிமீடியா வெளியிட்ட கணக்கு இதைத்தான் காட்டுகிறது. பக்கப் பார்வைகளில் பாட்களின் பங்கு ஏறக்குறைய 35 சதவீதம். ஆனால் கேஷில் இல்லாமல் மைய சர்வர்வரை போய்த் தொந்தரவு செய்யும், செலவு அதிகமான கோரிக்கைகளில் அவற்றின் பங்கு 65 சதவீதம். படம், வீடியோ இறக்குவதற்கு ஆகும் பேண்ட்வித் 2024 ஜனவரியிலிருந்து 50 சதவீதம் ஏறியிருந்தது.

அந்த அறிக்கையில் ஒரு சம்பவம் வருகிறது. 2024 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் நூறு வயதில் இறந்தார். ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருடைய பக்கத்தை ஒரே நாளில் 28 லட்சம் தடவைக்கு மேல் பார்த்தார்கள். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். கூடவே, 1980-இல் ரீகனோடு அவர் நடத்திய தேர்தல் விவாதத்தின் ஒன்றரை மணி நேர வீடியோவையும் பலர் ஓடவிட்டார்கள். போக்குவரத்து வழக்கத்தைவிட இரண்டு மடங்காகி, சில இணைப்புகள் முழுக்க நிரம்பி, ஒரு மணி நேரத்துக்குச் சிலருக்குப் பக்கங்கள் மெதுவாகத் திறந்தன. பொறியாளர்கள் உள்ளே போய்ப் பார்த்தபோதுதான், இணைப்புகளில் அதற்கு முன்பே பாட்களின் போக்குவரத்து ஏறிக் கிடந்தது தெரிந்தது. பெரிய சாவுக்கு ஊர் கூடும் என்று விட்டுவைத்த இடத்தில் பாட்கள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தன.

மென்பொருள் திட்டங்களின் நிலை இன்னும் மோசம். அவை கிட் என்ற முறையில் நிரல்களைப் பாதுகாக்கின்றன. எந்தக் கோப்பில் எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது முதல் நாளிலிருந்து அதில் இருக்கும். இணையத்தில் பார்க்கும்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பக்கம், அந்த மாற்றத்தின்போது ஒவ்வொரு கோப்பும் இருந்த நிலைக்கு ஒரு பக்கம், வரிக்கு வரி யார் எழுதியது என்று காட்ட ஒரு பக்கம். இவை எங்கும் அடித்து அடுக்கப்பட்டிருப்பதில்லை. கேட்கும்போது சர்வர் வரலாற்றைப் பின்னோக்கி நடந்து கட்டித் தர வேண்டும். லினக்ஸின் மைய நிரலான கெர்னலில் மட்டும் மாற்றங்கள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டன. கோப்புகளைச் சராசரியாக ஐம்பதாயிரம் என்று வைத்துக்கொண்டால்கூட 5,000 கோடி பக்கங்கள் சாத்தியம். மனிதன் எவனும் இதில் கால்வாசியைக்கூடக் கேட்கமாட்டான். பாட் கேட்கும். இத்தனைக்கும் கிட்டில் ‘குளோன்’ என்று ஒரே கட்டளை போட்டால் முழுக் களஞ்சியமும் ஒரே மூட்டையாக வந்து இறங்கிவிடும். அதைச் செய்யாமல் பக்கம் பக்கமாக உருவுவதைப் பார்த்தால், இந்தப் பாட்களை எழுதியவர்களுக்குச் சோம்பலா, மற்றவர் வீட்டுக் கரண்டுதானே என்ற அலட்சியமா என்றுதான் தோன்றுகிறது.

சோர்ஸ்ஹட் என்ற நிரல் களஞ்சியத் தளத்தை நடத்தும் ட்ரூ டிவால்ட் 2025 மார்ச்சில் கொதித்துப்போய் எழுதினார்: வாரத்தில் தன் வேலை நேரத்தின் ஐந்தில் ஒரு பங்கு முதல் சில வாரங்களில் முழு நேரமும் இந்தப் பாட்களோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது என்று. நிரல் கையேடுகளை வைத்திருக்கும் ரீட் த டாக்ஸ் தளத்துக்கு 2024 மே மாதம் ஒரே ஒரு பாட் வந்து 73 டெராபைட் இறக்கிவிட்டுப் போனது. அதில் ஏறக்குறைய 10 டெராபைட் ஒரே நாளில். பேண்ட்வித் பில் 5,000 டாலருக்கு மேல். நம் கணக்கில் நாலு லட்ச ரூபாயைத் தாண்டும். அதே கோப்புகளையே திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை.

இனி எங்கள் கடைக்கு வருகிறேன். யூனிகோடு எழுத்துருவில் தலைப்பு வைத்து, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினால், நாங்கள் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் தமிழ் எழுத்து உடைந்துபோகும். கும்பாபிஷேக நோட்டீஸில் ‘கோவில்’ என்று அகலமாகப் போட வேண்டும். இரட்டைக்கொம்பு ஒரு பக்கம், ககரம் நடுவில் தனியாக, துணைக்கால் இன்னொரு பக்கம் என்று மூன்றும் விலகி நிற்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு வடிவம். இடைவெளி விட்டால் விட்டதுதான். தமிழில் ‘கோ’ என்பது கண்ணுக்கு மூன்று துண்டு, வாசிப்புக்கு ஒரே எழுத்து. அந்த மூன்றையும் ஒன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த எழுத்துக்கு முன்னால் மட்டும் இடம் விட வேண்டும் என்று மென்பொருளுக்கு யாராவது சொல்லித் தர வேண்டும். இந்தத் தவறை அங்கே இருக்கும் ஐரோப்பியர்கள் கண்டுபிடிக்கப் போவதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த பையனிடம் இந்த வேலையைக் கொடுத்தேன். பாலிடெக்னிக் முடித்தவன், ஆர்வம் உண்டு. உடைந்த எழுத்தைப் படம் பிடித்து, நாலு வரி ஆங்கிலத்தில் எழுதி, திட்டத்தின் புகார்ப் பக்கத்தில் போட வேண்டும். மதியம் போய்க் கேட்டால் கையைப் பிசைந்தான். “அக்கா, சுத்திக்கிட்டே கெடக்கு. நம்ம நெட்டுதான் போச்சுன்னு ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். அப்பவும் அப்படித்தான்.” மறுபடி போட்டான், கணக்கு தொடங்கும் பக்கம் பாதி வந்து நின்றது. அப்புறம் ஏதோ சரிபார்ப்பு, அப்புறம் வெள்ளைத் திரை. “பெறகு பாத்துக்கிடலாம்க்கா.” அந்தப் ‘பெறகு’ என்னவாகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-இலேயே எழுதிவைத்த வரம்புகள் இன்றும் செல்லுபடியாகின்றன. பத்தில் ஒரு விநாடிக்குள் நடந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். ஒரு விநாடிவரை யோசனை அறுபடாது. பத்து விநாடிவரை கவனத்தைப் பிடித்துவைக்கலாம். பதினோராவது விநாடியில் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

ஆனால் எல்லோரும் இப்படிக் காத்து நிற்பதில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். திட்டத்தில் பல வருடம் ஊறியவருக்கு வலைப்பக்கமே தேவையில்லை. முழுக் களஞ்சியமும் அவருடைய மடிக்கணினியிலேயே இருக்கும். சந்தேகம் வந்தால் அரட்டை அறையில் பெயர் சொல்லிக் கேட்பார். புகார் எண் மனப்பாடமாக இருக்கும். அவருக்குத் தளம் மெதுவாவது எரிச்சல், அவ்வளவுதான். புதிதாக வருகிறவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுதான் வாசல். அவர் திரும்பிப் போனது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வராதவர்களை எப்படி எண்ணுவது? தவறு சரிசெய்யப்படாமல் கிடப்பதற்கும் ஆள் குறைவதற்கும் காரணம் தேடுகிறவர்கள் இந்த வாசலைப் பார்ப்பதே இல்லை.

தற்காப்புக்காகக் கட்டப்படும் மதில்களும் அதே ஆளின் தலையில்தான் விழுகின்றன. கனடாவில் இருக்கும் ஸி ஐயாசோ என்ற நிரலாளர், தன் சொந்த கிட் சர்வரை அமேசானின் பாட் படுத்திய பாட்டில் 2025 ஜனவரியில் அனுபிஸ் என்ற கருவியை எழுதினார். எகிப்தியப் புராணத்தில் செத்தவர்களின் இதயத்தை எடைபோடும் குள்ளநரித் தலைக் கடவுளின் பெயர். பக்கத்தைக் காட்டுவதற்கு முன் உங்கள் பிரவுசருக்கு இது ஒரு கணக்குக் கொடுக்கும். ஒரு நீளமான குறியீட்டோடு எந்த எண்ணைச் சேர்த்து அரைத்தால் விடை நாலு பூஜ்யத்தில் தொடங்கும்? குறுக்குவழி கிடையாது, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும், சராசரியாக 65,536 தடவை. மின்னஞ்சல் குப்பையைத் தடுக்க 1997-இல் ஆடம் பேக் முன்வைத்த ஹாஷ்கேஷ் யோசனையின் வாரிசு இது. ஒரு மனிதருக்கு ஒரு தடவை என்றால் ஒன்றுமில்லை. விடைத்தாளைக் குக்கியாக வைத்துக்கொண்டு அடுத்தடுத்த பக்கங்களுக்குக் காட்டலாம். லட்சம் பக்கத்தை லட்சம் முகவரியிலிருந்து உருவுகிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் கரண்டு செலவு.

கருவி பரவியது. லினக்ஸ் கெர்னலின் கிட் தளம் வைத்தது, லினக்ஸுக்கு முகப்புத் திரை செய்யும் க்னோம் திட்டம் வைத்தது. க்னோம் தளத்தில் இரண்டரை மணி நேரத்தில் வந்த 81,000 கோரிக்கைகளில் 3 சதவீதம்தான் இந்தக் கணக்கைப் போட்டுத் தேறின. மீதி 97 சதவீதமும் பாட் என்று எல்லோரும் எழுதினார்கள். பெரும்பகுதி அப்படித்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு முடியும்வரை காத்திராமல் திரையை மூடிய பையன்களும் அதில் இருக்க முடியாது என்று யார் சொல்வது?

புது மடிக்கணினியில் இந்தச் சோதனை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். நாலைந்து வருடப் பழைய கைப்பேசியில் காத்திருக்க வேண்டும். ஒரே பக்கத்தின் சுட்டியைப் பலர் ஒரே சமயத்தில் திறந்தபோது கணக்கின் கடினம் ஏறி, கைப்பேசியில் பார்த்த ஒருவர் இரண்டு நிமிடம் காத்துக்கிடந்ததாக அந்த நாள்களில் செய்தி வந்தது. ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு ஆரம்பத்தில் வழியே இல்லை; பின்னால் வந்த பதிப்புகளில் அவர்களுக்குத் தனி ஏற்பாடு சேர்த்தார்கள். ஃபெடோரா லினக்ஸின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் ஒரு கட்டத்தில் பிரேசில் நாட்டையே மொத்தமாகத் தடுக்க வேண்டி வந்தது. அங்கே எத்தனை ஃபெடோராக்காரர்கள் அன்றைக்கு வாசலில் நின்றார்களோ. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. சர்வர் விழுந்தால் உலகத்துக்கே இல்லை. ஒரு நாட்டை அடைத்தால் மற்றவர்களுக்காவது உண்டு. இப்படி ஒரு கணக்கைப் போடும் நிலைக்கு அவரைத் தள்ளியது யார் என்பதுதான் கேள்வி.

திட்டங்கள் சும்மா இருக்கவில்லை. பழைய வரலாற்றுப் பக்கங்களைக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் திறக்கின்றன. கையேட்டையும் தரவிறக்கத்தையும் முன்கூட்டியே கட்டிய பக்கங்களாக்கி வேறு சர்வரில் வைக்கின்றன. அந்தப் பக்கங்களை எத்தனை பாட் மேய்ந்தாலும் பெரிய செலவில்லை. என்னைக் கேட்டால் இன்னொன்றும் செய்யலாம்: புகார் சொல்லும் வழியை மென்பொருளின் உதவி மெனுவிலேயே வைத்து, மின்னஞ்சலிலும் அனுப்பலாம் என்று எழுதிவிட வேண்டும். நம் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. களஞ்சியத்தை இறக்குகிறவர்கள் முழு வரலாறும் வேண்டாம், கடைசி நிலை போதும் என்று ஆழத்தை 1 என வைத்து குளோன் செய்யலாம். தினமும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள், எல்லோரும் போடுகிற நள்ளிரவு 12 மணியை விட்டுவிட்டு ஏதாவது கோணலான நேரத்தைப் போடலாம்.

பையனின் புகாரை நான் அந்தத் திட்டத்தின் அரட்டை அறையில் போட்டேன். பல வருடப் பழக்கம். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் உண்டு. அரை மணி நேரத்தில் ஒருவர் எடுத்துப் புகார்ப் பக்கத்தில் பதிந்துவிட்டார். “மொதல்லயே இங்க கேட்டிருக்கலாமேக்கா” என்றான். கேட்டிருக்கலாம்தான். அப்படி ஓர் அறை இருக்கிறது என்ற தகவலும் திறக்காத அதே தளத்தில்தான் இருந்தது.

பதில் வந்திருக்கிறது. எந்த எழுத்துரு, எந்தப் பதிப்பு, உடையும் கோப்பு ஒன்றை அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளிவர வேண்டும், அதுவரை கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஆல்பம் முடிந்ததும் ‘கோ’, ‘கொ’, ‘கௌ’ மூன்றையும் வைத்து மாதிரிக் கோப்பு தயார் செய்யப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை தலைப்புகளில் எழுத்தை வடிவமாக மாற்றி, கொம்பையும் காலையும் கையாலேயே நகர்த்தி ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.